தாத்தாவுக்குக் காகிதப் பல்செட்

"கடையில ரெடிமேடாவே விக்குது. வாங்கிக் கொளுத்திட்டுப் போறத விட்டுட்டு, கவராயம் வெச்சு அளந்துக்கிட்டு இருக்கியே!"

வாத்துத் தொடையைக் கடித்தபடி சொன்னார் மாமா போ செங். சியூ இம் நிமிரவில்லை. மேசை விளக்கின் கீழே தாத்தாவின் பல்செட்டு இளித்துக்கொண்டிருந்தது.

"கடைப் பல்லு யாரு வாய்க்குச் சேரும் மாமா? எல்லாம் ஒரே அளவு."

"செத்தவருக்கு எந்த அளவா இருந்தா என்ன?"

"அண்ணே!" அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. மாமா வாத்தோடு சேர்த்து மீதிப் பேச்சையும் விழுங்கினார்.

தாத்தா போய் மூன்று மாதம் ஆகிறது. போன மாதம் அவர் அறையை ஒழித்தபோது இழுப்பறையில் ஒரு டப்பாவுக்குள் இந்தப் பல்செட்டு கிடைத்தது. அவரைக் குளிப்பாட்டி உடுத்தி அனுப்பியவள் அம்மா. வாயில் பல் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. டப்பா கிடைத்த அன்றிரவே தாத்தா அம்மாவின் கனவில் வந்தார். முன்னால் தட்டு நிறைய வறுத்த வாத்து இருந்தும் தொடவில்லையாம். அன்றிலிருந்து அம்மாவும் எதையும் மெல்வதில்லை. அப்பா பட்டினி கிடக்கும்போது எனக்கென்ன சோறு என்று வெறும் கஞ்சித் தண்ணீர்தான். சட்டை தோளில் நிற்காமல் நழுவும் அளவுக்கு இளைத்துவிட்டாள்.

செத்தவர்கள் வீடு தேடி வரும் சீன ஏழாம் மாதம் பிறந்திருந்தது. நடு மாதப் படையலன்று எரித்தால் தாத்தாவுக்குப் போய்ச் சேரும்.

"அசலையே எரிச்சிடலாமேம்மா?"

"பிளாஸ்டிக் அங்க போகாது. காகிதம்தான் போகும்."

மாலைநேரச் சிற்ப வகுப்பில் சியூ இம் மங்குஸ்தான் பழத்தை மெழுகிலும், ரப்பர் செருப்பைச் சிமெண்டிலும் செய்திருக்கிறாள். செருப்பின் வார் ஒரு நூல் தடித்துவிட்டது. வேறு யார் கண்ணிலும் படவில்லை. அவளுக்கு மட்டும் இன்னும் உறுத்துகிறது. ஆனால் அவை பார்வைக்கு வைப்பவை. இதை வைத்துக்கொண்டு ஒருவர் சாப்பிட வேண்டும்.

பிளாஸ்டரில் ஈறின் வடிவத்தை எடுத்து, அதன்மேல் காகிதக் கூழை அப்பினாள். கூழ் காயும்போது சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று ஒரு துண்டைத் தனியே காயவைத்து அளந்து, அதற்கேற்றபடி முதலிலேயே பெரிதாகச் செய்தாள். இடது கடைவாயில் ஒரு பல்லின் நுனி உடைந்திருந்தது. அதையும் அப்படியே உடைத்தாள்.

"அதையாவது சரி பண்ணக் கூடாதா? அங்க போயும் உடைஞ்ச பல்லோடதான் திங்கணுமா?"

"பழகின நாக்கு மாமா. மாத்தினா உறுத்தும்."

"அடேயப்பா! என்னைப் பாரு. அறுபத்தி நாலு வயசு, ஒரு பல்லுகூட ஆடல. லக்சா நூடுல்ஸ் கடைக்காரி ஆ லியான் என் சிரிப்பைப் பார்த்தாலே கூட ஒரு கரண்டி மீன் போடுது. எல்லாம் பரம்பரை ரத்தம்."

"தாத்தாவுக்கும் அதே ரத்தம்தானே? அவருக்கு ஏன் கொட்டிச்சு?"

"அவரு சுருட்டுப் பிடிச்சாரு," என்று மாமா எழுந்து போய்விட்டார்.

படையலன்று வாசலில் தகர டின்னில் நெருப்பு எரிந்தது. அம்மா மண்டியிட்டுக் காகிதப் பல்செட்டை இரு கையாலும் போட்டாள். "அப்பா, நல்லா கடிச்சுச் சாப்பிடுங்க." அது ஓரம் சிவந்து, சுருண்டு, சாம்பலாயிற்று.

மறுநாள் காலை அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"வந்தாராம்மா?"

"வந்தாரு. வாய்க்குள்ள விரலை விட்டு விட்டுத் தடவிப் பார்த்தாரு. சேரலடி. தட்டைத் தள்ளி வெச்சிட்டுப் போயிட்டாரு."

சியூ இம் கவராயத்தை எடுத்து பிளாஸ்டரை அளந்தாள். அசலை அளந்தாள். திரும்ப அளந்தாள். இம்மி வித்தியாசம் இல்லை. இல்லாததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"என் தப்புதாம்மா. சுருக்கத்தைக் கணக்குப் பண்ணினதுல எங்கயோ விட்டுட்டேன்."

"உன் தப்பில்ல. வாயைத் திறந்து பார்க்காம அனுப்பினவ நான். இனி அடுத்த ஏழாம் மாசம் வரைக்கும் அவரு பட்டினி. நானும் இப்படியே இருந்துட்டுப் போறேன்." அம்மா கஞ்சிக் கிண்ணத்தையும் தள்ளி வைத்தாள்.

எதிரே வறுத்த கொய் தியோ நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த மாமாவின் கை நின்றது. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார்.

"தங்கச்சி ஹொங், அப்பா போன அன்னிக்கு உடுத்தத் துணி எடுக்க நீ மாடிக்குப் போனியே, அப்பவே அவரு வாயில பல்லை நான் மாட்டிவிட்டுட்டேன். அவரு பல்லோடதான் போனாரு."

அம்மா அவரை வெறித்தாள். "அப்ப இது?"

"அப்பாவுக்கு முடியாதப்ப துணைக்கு அந்த ரூம்ல படுத்திருந்தேன்ல..."

மேலே சொல்லாமல் மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, வாய்க்குள் விரலை விட்டார். வெளியே எடுத்ததைப் பழைய செட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது என் புதுசு. அது என் பழசு," என்று குழறினார். "அளவுல நீ ஒரு தப்பும் பண்ணல, சியூ இம்."

அம்மா மாமாவின் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வாய் எடுத்துப் போட்டு, நிதானமாக மென்றாள்.