கேப்டன் பேசும் பக்கங்கள்

"அன்பே நீ வரும்வரை இந்த வாசலிலேயே நிற்பேன்" என்று அவள் வாசித்தாள்.

இந்த முறையும் கமா சொல்லவில்லை.

அச்சகத்தில் நாங்கள் இருவரும் ஒரு ஜோடி. மெய்ப்புத் திருத்தும் மேசையில் மட்டும். அவள் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிப்பாள். நான் அச்சான தாளில் சரிபார்ப்பேன். கமா வந்தால் 'கமா' என்றும், வாக்கியம் முடிந்தால் 'முற்றுப்புள்ளி' என்றும் அவள் சொல்லியாக வேண்டும்.

இது ஒரு பழைய காதல் நாவலின் மொழிபெயர்ப்பு. நாயகியை விரும்புகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் குதிரையில் வரும் கேப்டன்; வாய் நிறையப் பேச்சு. இன்னொருவர் டாக்டர், மழையில் நடந்து வந்து, குடையை மடக்கி, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிப் போகிறவர்.

டாக்டரை அவள் ஒரு குறி விடாமல் வாசித்தாள். "நலமா கேள்விக்குறி நான் கிளம்புகிறேன் முற்றுப்புள்ளி." மளிகைச் சீட்டு மாதிரி.

கேப்டன் வாயைத் திறந்தால் போதும், குறிகளெல்லாம் காற்றில் பறந்துவிடும்.

எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கேப்டன்மேல் அல்ல. எங்களுக்குக் காகிதம் விற்க வருகிறவன்மேல்.

வாரம் இருமுறை வருவான். மோட்டார் சைக்கிள் நிற்பதற்குள் சிரிப்பு உள்ளே வந்துவிடும். மாதிரித் தாளை அவள் முகத்துக்கு நேரே விசிறிபோல ஆட்டிக் காட்டுவான். மூன்று வருடமாக எதிரே உட்கார்ந்திருக்கும் நான் அவளிடம் அதிகம் பேசிய சொல் 'அடுத்த வரி'.

ஆனாலும் ஒரு தைரியம் இருந்தது. இந்த மாதிரி நாவல்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கடைசியில் கேப்டனின் சாயம் வெளுக்கும். டாக்டர்தான் ஜெயிப்பார்.

இன்று, வெள்ளிக்கிழமை, அந்த அத்தியாயம் வந்தது. டாக்டர் நாயகிக்கு எழுதிய கடிதத்தைக் கேப்டன் கொடுக்காமல் மறைத்துவிட்டது தெரிந்துபோனது.

அவள் பிரதியை மேசையில் போட்டாள்.

"அடப்பாவி! இவனுக்குப் போயா சார் நான் இப்படி உருகி உருகி வாசிச்சேன்?"

சிரித்தபடி வாசலைப் பார்த்தாள். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"பேப்பர்காரரு நாளைக்கு மாத்தலாகிப் போறாராமே சார். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும்னு தோணலையா அவருக்கு?"

"தெரியல" என்றேன். "அடுத்த வரி."

இந்த வாரம் திங்கட்கிழமையே, அவள் விடுப்பில் இருந்த அன்று, அவன் வந்திருந்தான். அன்றைக்குச் சிரிப்பே இல்லை. ஏதோ சொல்ல வந்து, வார்த்தை வராமல், அவள் பெயர் எழுதிய ஓர் உறையை நீட்டினான். கிளம்புவதற்குள் அவள் பதில் தெரிந்தால் போதுமாம்.

வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லையாம். இந்த அச்சகத்திலேயே நல்ல மனுஷன் நான்தானாம்.