பாட்டுக்கு அடியில்

“என் குரல் யாருக்கும் கேக்கக் கூடாதுண்ணே” என்றாள் மெஹராஜ் பேகம்.

கீழ்வேளூர் கடைத்தெருவில் கேசட் பதிவுக் கடை வைத்திருக்கும் தியாகராசன் விழித்தார். துபாயில் இருக்கும் புருஷனுக்குப் பேசி அனுப்ப வருகிற பெண்கள், இன்னும் சத்தமாக வைக்கச் சொல்லித்தான் அவர் உயிரை வாங்குவார்கள். இவளோ தலைகீழாகக் கேட்கிறாள்.

“பத்திரிகையில போட்டிருக்குண்ணே. பாட்டுக்கு அடியில ரொம்ப மெதுவா ஒண்ணைச் சொன்னா, காதுக்குத் தெரியாதாம். மனசுல போயி உக்காந்துக்குமாம்.”

“இதெல்லாம் நடக்குற காரியமாம்மா?”

“மச்சான் போயி நாலு வருசமாச்சு. பெத்த மகளப் போட்டோவுலதான் பார்த்திருக்காரு. அடுத்த பெருநாளுக்கு, அடுத்த பெருநாளுக்குன்னு தள்ளிக்கிட்டே போறாரு. அழுது பேசி அனுப்பியும் பார்த்தாச்சு. பாட்டு கேசட்டுன்னா ரூம்ல இருக்குற எட்டுப் பேரும் சாப்புடுறப்பல்லாம் போட்டுக் கேப்பாங்களாம். இதையும் பார்த்துடுவோமே.”

அவள் குரல் உடைந்ததும் தியாகராசனுக்கு மறுக்க மனம் வரவில்லை. மைக்கை நீட்டினார். “ஊருக்கு வந்துருங்க” என்று அறுபது தடவை சொன்னாள்.

“பேரைச் சொல்லிக் கூப்பிட்டா இன்னும் நல்லா வேலை செய்யுமேம்மா?”

“ஐயே! புருசன் பேரை எப்படிண்ணே வாயால சொல்றது?” என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கேசட் போய் மூன்று மாதம் ஆனது. கடையில் இருந்த போனுக்கு வெள்ளிக்கிழமை மதியம் அவள் புருஷன் பேசுவது வழக்கம். அன்று மணி அடித்ததும் ஓடிவந்து எடுத்தாள். “நெசமாவா? எப்ப வர்றீங்க?” என்று பூரித்தவள், கொஞ்ச நேரத்தில் முகம் சுண்டிப்போய் ரிசீவரை வைத்தாள்.

“என்னம்மா, பலிக்கலையா?”

“பலிச்சிடுச்சுண்ணே. மச்சானுக்கும் ஊருக்கு வரணும்னு மனசு அடிச்சுக்குதாம். ஆனா அதுக்குள்ள, ஊரு நெனப்புல வேலையே ஓடலன்னு ரூம்ல மத்த ஏழு பேரும் லீவு வாங்கிக்கிட்டு ஊருக்கு வந்துட்டாங்களாம். அவங்க திரும்புனாத்தான் ஒனக்கு லீவுன்னு மொதலாளி சொல்லிட்டாராம்.”

தியாகராசனுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அதற்குள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

“‘துபாய்க்குத் திரும்பிப் போங்க’ன்னு ஏழு கேசட் போடணும்ணே. அவங்க பேரையெல்லாம் நான் தாராளமாச் சொல்லுவேன்!”