பத்தொன்பதாம் தேதி வரைக்கும்

"பத்தொன்பதாம் தேதி வரைக்கும் பொறுத்துக்க, லொரெட்டா. அப்புறம் எந்தக் குழியில வேணாலும் தள்ளிக்க."

கார்மெலோ கட்டிலின் கால்மாட்டு இரும்பை இறுகப் பிடித்திருந்தார். எண்பத்து நான்கு வயது. பஃபலோ நகரத்தில் நாற்பது வருடம் பஸ் பழுது பார்த்த கை. பிடித்தால் லேசில் விடாது.

"குழி இல்லப்பா, பராமரிப்பு இல்லம். இங்கிருந்து நாலு தெரு. ஒரு பெட் காலியா இருக்கு. மத்தியானத்துக்குள்ள போகலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

"யாரு செத்தா?"

"என்னது?"

"பெட் சும்மாவா காலியாகும்?"

லொரெட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. மறதி நோய் எல்லாவற்றையும் தின்றுவிட்டு இந்தக் குசும்பை மட்டும் விட்டு வைத்திருக்கிறது.

இந்த ஐம்பத்தெட்டு வயதில் அவரைப் பார்த்துக்கொள்ள அவளால் முடியவில்லை. அடுப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குகிறார். பனி கொட்டும்போது பைஜாமாவோடு தெருவில் நிற்கிறார். குளியலறையில் இரண்டு முறை விழுந்து, கன்றிப்போன இடத்தை முழுக்கைச் சட்டையால் மறைத்திருக்கிறார். தூக்கித் தூக்கி அவள் இடுப்பு விட்டுப்போயிற்று. போன வாரம் பள்ளி பஸ் ஓட்டும்போது சிக்னலில் கண் சொக்கிவிட்டது. பின்னால் முப்பது குழந்தைகள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

"சரி, பத்தொன்பதாம் தேதி அப்படி என்னதான்பா இருக்கு?"

கிழவர் கூரையைப் பார்த்தார். "என்னமோ இருக்கு. எனக்குத் தெரியும்... இப்ப வர மாட்டேங்குது. ஆனா அன்னைக்கு நான் இந்த வீட்லதான் இருக்கணும்."

லொரெட்டாவுக்குப் புரிந்துவிட்டது. மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் திருநாள். இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வந்த அவர்கள் ஆட்களின் கோயில் கூடத்தில் ஊருக்கே விருந்து. பொரித்த காலிஃபிளவரும் ரொட்டித்தூள் தூவிய பாஸ்தாவும் மலைபோல் குவிந்திருக்கும். இவர் ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை.

"இந்த வயசுலயும் நாக்கு அடங்கல பாரு! சக்கர நாற்காலியில வச்சு நானே விருந்துக்குக் கூட்டிட்டுப் போறேன், போதுமா?"

"விருந்து இல்லடி!"

"பின்ன என்ன?"

கிழவர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. லொரெட்டா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பாவி மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் மார்ச் ஐந்தாம் தேதி மத்தியானத்துக்குள் கார்மெலோ இல்லத்தில் சேர்ந்துவிட்டார்.

திருநாளன்று அவருக்கு லேசான காய்ச்சல். வெளியே விடமாட்டோம் என்றார்கள். லொரெட்டா கோயிலிலிருந்து ஒரு தட்டு நிறைய வாங்கிக்கொண்டு இல்லத்துக்குப் போனாள். அவர் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு என்ன தேதி?"

"பத்தொன்பது."

"நான் வீட்லதானே இருக்கேன்?"

உண்மையைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "ஆமாப்பா, வீட்லதான்."

"அப்பாடா!" என்றார் கிழவர். அவர் முகம் அப்படித் தெளிந்து அவள் பல மாதமாகப் பார்த்ததில்லை. தட்டை இழுத்து வைத்துக்கொண்டு ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

ஏப்ரலில் லொரெட்டா கவுண்டி எனும் மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். இல்லத்துக்கு மாதாமாதம் கட்டுகிற வசதி அப்பனுக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை. இல்லாதவர்களுக்கான அரசுக் காப்பீடு, மெடிகெய்டுதான் கதி.

மனுவை வாங்கிப் பார்த்த மார்சி என்ற அலுவலர் நல்ல மாதிரி. "காப்பீடு கிடைச்சிடும், கவலைப்படாதீங்க. வீடு அப்பா பேர்ல இருக்கா?"

"ஆமாங்க. நானும் அங்கதான் இருக்கேன். எனக்கு அதை விட்டா ஒண்ட வேற இடம் கிடையாது."

"அதைத்தான் சொல்ல வந்தேன். அவர் காலத்துக்கு அப்புறம், செலவழிச்ச பணத்துக்கு ஈடா வீட்டை அரசாங்கம் வித்து எடுத்துக்கும்."

"ஒரு வழியும் இல்லையா?"

"இருக்கு. இல்லத்துல சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் முழுசா கூடவே தங்கி, பார்த்துக்கிட்ட பிள்ளை இருந்தா, வீட்டை அந்தப் பிள்ளைக்கே எழுதி வச்சுடலாம். அரசாங்கம் தொடாது."

"அது நான்தாங்க!" லொரெட்டா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "தனியா இருக்கப் பயமா இருக்கு, வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துடுன்னு அவரே கூப்பிட்டார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சரியா சூசையப்பர் திருநாள் அன்னைக்கு வந்தேன். சாமான் இறக்க வந்த ஆளுங்களுக்கெல்லாம் அப்பா விருந்துச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாரே!"

மார்சி திரையில் எதையோ தேடினாள். கண்டுபிடித்துப் படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"ரெண்டு வருஷத்துக்குப் பதினாலு நாள் குறையுதுங்க," என்றாள் மெதுவாக. "உங்க அப்பா அந்த வாரமே இங்க வந்து இந்த விதியை விசாரிச்சிருக்கார். தனியா விட முடியாதுன்னு டாக்டர் எழுதின கடிதம்கூட அவரே கொண்டு வந்து கொடுத்திருக்கார். 'ரெண்டு வருஷம் கழிச்சு பத்தொன்பதாம் தேதி வரைக்கும் எப்படியாவது வீட்லயே தாக்குப்பிடிச்சிடுவேன், எம்பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, நான் கஷ்டப்படறதைப் பார்த்தா வீடே வேணாம்னு அன்னைக்கே இல்லத்துல கொண்டு போய்ச் சேர்த்துடுவா'ன்னு சொன்னாராம்."