சுற்றுச்சூழல் படிச்சா என்ன கிடைக்கும்?

"ஒன்பது செமஸ்டர் மாப்ளே! ஒவ்வொண்ணுக்கும் இருபத்திரண்டாயிரம் பெசோ. ஆய்வுக்கூடத்துக்குத் தனி. இவ்வளவையும் கொட்டிச் சுற்றுச்சூழல் பொறியியல் படிச்சுட்டு என்ன பண்ணப்போறா என் பொண்ணு? மரக்கன்னு நடப்போறாளா?"

ஃபெர்மின் கல்லூரிக் கையேட்டை மேசையில் போட்டார். அவருக்கு லெயோன் நகரப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புக் கடை. செவ்வாய்க்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு, தங்கை புருஷனை இந்தத் தள்ளுவண்டிக் கடைக்கு வரவழைத்திருந்தார். காரணம், குடும்பத்திலேயே அந்தப் படிப்புக்குப் பணம் கட்டிய ஒரே ஆள் ரொகேலியோதான்.

ரொகேலியோ அவசரப்படவில்லை. மொறுமொறு பன்றித்தோல் வறுவல் அடைத்த ரொட்டியில் மிளகாய்ச் சாறை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

"வேற என்ன படிக்க வைக்கிறதா இருக்கே?"

"பல் மருத்துவம். பல்லுன்னு இருந்தா என்னைக்காவது வலிக்கத்தானே செய்யும்?"

"எங்க தெருவுல மட்டும் நாலு பல் டாக்டர் மச்சான். நோயாளி உட்கார வேண்டிய நாற்காலியில அவங்களே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாங்க."

ஃபெர்மினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "விளையாடாதே. ரெண்டு மணிக்குள்ள சேர்க்கைக் கட்டணம் கட்டியாகணும். ஹிமேனா கவுன்ட்டர் முன்னாடியே நிக்கிறா. மெசேஜ் மேல மெசேஜ். உள்ளதைச் சொல்லு. உன் பொண்ணு இட்ஸெல்கூடப் படிச்சவங்க எல்லாம் எங்கே இருக்காங்க?"

"பொய் சொல்ல மாட்டேன். பதினெட்டுப் பேர்ல ஆறு பேர் தொழிற்சாலைங்கள்ல இருக்காங்க. மூணு பேர் தண்ணி சுத்திகரிக்கிற நிலையத்துல. ஒருத்தன் செல்போன் விக்கிறான். மத்தவங்க அலைஞ்சிட்டு இருக்காங்க. இட்ஸெலும் எட்டு மாசம் அலைஞ்சா. இப்பதான் நகராட்சியில கிடைச்சுது."

"அவளைப் படிக்க வைக்க உன் பிக்கப் வண்டியை வித்தே. ரெண்டு வருஷம் பட்டறைத் தோலை பஸ்லதான் தூக்கிட்டுப் போனே. பஸ்ஸே நாறுதுன்னு டிரைவர் இறக்கிவிட்டாரே."

"ரெண்டு தடவை இறக்கிவிட்டார்," என்று ரொகேலியோ பெருமையாகத் திருத்தினார்.

"அந்தக் காசுக்குப் பலன் கிடைச்சுதா?"

"கைமேல! நான் நினைச்சதைவிடச் சீக்கிரமா."

அப்போதுதான் ஃபெர்மின் அவரைச் சரியாகக் கவனித்தார். ரொகேலியோ தோல் பதனிடும் பட்டறை வைத்திருப்பவர். வாரநாளில் அவரை வெளியே பார்ப்பதே அபூர்வம். பார்த்தாலும் ரப்பர் பூட்ஸும், பதனிடும் ரசாயனத்தில் நகக்கண் வரை நீலம் ஏறிய கைகளுமாகத்தான் இருப்பார். இன்றோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கை பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் சோப்பு வாசனைகூட அடித்தது.

"ஆமா, இந்நேரத்துல நீ பட்டறையில இல்ல இருக்கணும்?"

"பட்டறைப் பக்கம் போயே பன்னிரண்டு நாளாச்சு மச்சான். எட்டு மணிக்கு எழுந்திருக்கிறேன். உன் தங்கச்சியோட மார்க்கெட் போறேன். முந்தாநாள் ரெண்டு பேரும் சினிமாகூடப் பார்த்தோம்."

"அப்ப வேலையாளுங்க?"

"ஏழு பேருக்கும் லீவு. சம்பளத்தோட."

"சம்பளத்தோடவா?" ஃபெர்மினின் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றுவிட்டது. "இதெல்லாம் இட்ஸெல் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்தா?"

"அவ சேர்ந்து நாலாம் நாள்லேருந்து."

முப்பது வருஷமாக அடுத்தவர் காலைப் பிடித்துச் செருப்பு மாட்டிவிடக் குனிந்த முதுகு ஃபெர்மினுடையது. அது வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். நினைப்பே சுகமாக இருந்தது.

செல்போனை எடுத்தார். பணத்தை அனுப்பினார். மகளுக்கு ஒரே வரி தட்டினார்: 'சேர்ந்துடு.'

மறுநொடி போன் அலறியது. "அப்பா! அப்பா! நிஜமாவா?" ஹிமேனாவின் கூச்சல் பக்கத்து மேசைவரை கேட்டது. கடைக்காரம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஃபெர்மினுக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய்ச் சாறு மேல் பழியைப் போட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கொடுத்து வச்சவன் மாப்ளே நீ! பட்டறையை மூடிட்டு, பொண்ணு சம்பாத்தியத்துல கால்மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கே. எனக்கும் அஞ்சு வருஷத்துல அந்த யோகம் வரட்டும்."

ரொகேலியோவுக்குச் சிரிப்பில் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

"அவ சம்பாத்தியமா? அது அவ பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாப்போகுது. பட்டறையை நான் எங்கே மூடினேன்? கழிவுநீர் ஆய்வாளர் இட்ஸெல் மூடினா! 'தொட்டி கட்டிச் சுத்தம் பண்ணாம ஒரு சொட்டுக்கூட ஆத்துல விடக்கூடாது, அதுவரைக்கும் ஆளுங்களுக்குச் சம்பளம் நிறுத்தக்கூடாது'ன்னு எழுதி, கதவுல அவ கையாலேயே சீல் வச்சுட்டா."

ரொகேலியோ வெள்ளைச் சட்டைக்குள் நெஞ்சை நிமிர்த்தினார்.

"மேலதிகாரி, 'உங்கப்பா பட்டறைதானே, அப்புறம் பார்த்துக்கலாம்'னு சொல்லியிருக்கார். 'இல்ல சார், அந்தக் குழாய் எங்கே போகுதுன்னு எனக்கு ஆறு வயசுலேருந்து தெரியும்'னு நேரா நம்மகிட்டதான் முதல்ல வந்தா மச்சான், என் பொண்ணு!"