திரை கட்டிய கார்

கார் நின்றதை விட அது நின்ற இடம்தான் சரீபைப் பதறவைத்தது.

கந்தளாய் ரோட்டின் வளைவு. இரண்டு பக்கமும் காடு. ஓரத்தில் ஒதுங்க இடமில்லை, பள்ளம். பாதிக் கார் தாரிலேயே கிடந்தது. மணல் ஏற்றிய டிப்பர்கள் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தன. வளைவைத் திரும்பிய பிறகுதான் சாரதிகளுக்குக் கார் ஒன்று நிற்பதே தெரியும்.

அவன் பற்றைக்குள் பாய்ந்து கொப்புகளை முறித்து வந்து காருக்குப் பின்னால் ரோட்டில் குவித்தான். முதல் டிப்பரே அவற்றை நசுக்கிக்கொண்டு கடைசி நேரத்தில் விலகிப் போனது. அது கிளப்பிய காற்றில் கார் ஆடியது.

பின்கதவைத் திறக்காமல் கண்ணாடியில் தட்டினான்.

“ராத்தா, இறங்குங்க. அந்தா, பள்ளத்துக்கு அங்கால மரத்தடியில போய் நில்லுங்க. காருக்குள்ள இரிக்கப்படாது.”

“நான் எங்க இறங்குற?” உள்ளேயிருந்து அக்கா பஸ்மியாவின் குரல் வந்தது. “ரோடெல்லாம் ஆம்பிளையள்.”

பின்பக்கக் கண்ணாடிகள் எல்லாவற்றையும் பூப்போட்ட படுக்கை விரிப்பு மறைத்திருந்தது. காலையில் கிண்ணியாவிலிருந்து புறப்படும்போது அவளே குண்டூசி குத்திக் கட்டியது.

பஸ்மியா இத்தாவில் இருந்தாள், கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் ஒதுங்கியிருக்கும் காலம். கணவன் மவுத்தான நாளிலிருந்து அந்நிய ஆண் எவனுடைய கண்ணிலும் படாமல் ஓர் அறைக்குள் இருந்தவள். நெஞ்சுக்குள் குத்துகிறது என்று சொன்னதால்தான் இன்று வெளியே கொண்டுவந்தான். கந்தளாயில் ஒரு பெண் வைத்தியரைத் தேடிப் பிடித்ததும் அவளுக்காகத்தான். அவரிடம் காட்டி மருந்து எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில்தான் கார் நின்றது.

“உயிருக்கு ஆபத்தெண்டா இறங்கலாம் ராத்தா. மௌலவிட்டக் கேட்டாலும் இறங்கத்தான் சொல்லுவார்.”

“எங்க, மௌலவி வந்து நிக்கிறாரா? வந்தா என்னோட கதைக்கச் சொல்லு.”

ஒரு வேன் நின்றது. தம்பலகாமம் வரை ஏற்றிப்போகிறோம் என்றார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் வேன் நிறைய ஆண்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு தரம் “வேணாம்” என்று கேட்டது. வேன் போய்விட்டது.

சரீப் வளைவுக்கு ஓடினான். போன் வெளிச்சத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். ஒரு லொறி வேகத்தைக் குறைத்தது. அடுத்தது நீளமாக ஹோர்ன் அடித்து ஏசிவிட்டுப் போனது. திரும்பிக் காரிடம் ஓடினான், கெஞ்சினான், மறுபடி வளைவுக்கு ஓடினான்.

பொழுது மங்கியது. காரின் விளக்குகள் கொஞ்ச நேரம் மின்னி மின்னிப் பார்த்துவிட்டு அணைந்துபோயின.

சரீப் போனில் கூப்பிட்டிருந்த தம்பலகாமத்து மெக்கானிக் முனாஸ் பாஸ், மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் ஒரு பற்றரியையும் சாமான் பையையும் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். திரையைக் கண்டதும் விளங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் பார்க்காமல் நேரே முன்னுக்குப் போய் பொனற்றைத் தூக்கினார்.

“பெல்ட் அறுந்திட்டு. பற்றரி எப்பவோ மவுத்து. தம்பி, இதுக்கு எண்ணெய் மட்டும் ஊத்தினாப் போதுமெண்டு ஆரு சொன்ன?” டோர்ச்சை அவனிடம் நீட்டினார். “இதப் பிடிங்க. எனக்கு ரெண்டு கையும் வேணும்.”

“பின்னால ஒராள் நிக்கணும் பாஸ். வாகனம் வருகுது.”

“அப்ப பெல்ட்ட நீங்க போடுங்க, நான் போய் நிக்கிறன்.”

சரீப் டோர்ச்சைப் பிடித்தான்.

தலை வளைவுப் பக்கமே திரும்பியது. வெளிச்சம் என்ஜினெல்லாம் அலைந்தது. முனாஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்துச் சரியான இடத்துக்குத் திருப்பிவிட்டார். அது மறுபடியும் அலைந்தது. அவனுடைய உயிர் முழுவதும் காதில் இருந்தது. வளைவுக்கு அங்கால் இப்போது யாரும் இல்லை. எது வந்து இடித்தாலும் முதலில் பின்சீட்.

இரைச்சல் கேட்டது. டிப்பர். தோள்கள் தாமாக ஒடுங்கின.

இரைச்சல் தணிந்தது. கியர் மாறும் சத்தம். டிப்பர் ஆள் நடக்கிற வேகத்தில் அவர்களைக் கடந்து போனது.

அடுத்து வந்ததும் அப்படியே. அதற்குப் பின்னால் வந்த பஸ்ஸும்.

“அங்கால பொலிஸ் நிக்குது போல,” என்றார் முனாஸ், தலையைத் தூக்காமல்.

சரீப் டோர்ச்சைப் பற்றரியின் மேல் வைத்துவிட்டு ஓடினான். பள்ளத்துப் பக்கக் கதவு திறந்து கிடந்தது. பின்சீட்டில் மருந்துப் பை மட்டும் இருந்தது.

வளைவுக்கு அப்பால், தாரை விட்டுத் தள்ளி, புல்லில் பஸ்மியா நின்றாள். இத்தாவின் வெள்ளை உடுப்பு. தலையைச் சுற்றிய வெள்ளைத் துணியின் நீண்ட நுனியைக் கையில் பிடித்து மேலும் கீழும் வீசிக்கொண்டிருந்தாள். அந்த இருட்டில் தூரத்திலிருந்து வருகிறவனுக்கு வேறெதுவும் தெரியாது, அவள் மட்டும்தான் தெரிவாள்.

“ராத்தா, நீங்க உள்ளுக்குப் போங்க. நான் நிக்கிறன்.”

“வேலை முடிஞ்சா?”

“இன்னும் கொஞ்சம்.”

“அப்ப போய் டோர்ச்சப் பிடி.”

அவன் அசையவில்லை. தூரத்தில் இன்னொரு டிப்பரின் வெளிச்சம் மரங்களில் ஏறியது. அவள் துணியைத் தூக்கினாள்.

“அண்டைக்கு உன்ட மச்சான் ரோட்டுல குந்தி டயர் மாத்தக்குள்ள,” என்றாள், அவனைப் பார்க்காமலே, “பின்னால ஒருத்தரும் நிக்கல்ல.”

டிப்பர் வேகத்தைக் குறைத்தது. சாரதி தலையை வெளியே நீட்டி அவளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பவில்லை.