பாசி டீசலும் ஆறு மாவும்

என்னை முதலில் கெடுத்தவன் மருதையன்.

அப்பா காலத்தில் எங்கள் வயலில் உழுதவன். ஆட்சி மாறி, குத்தகைக்காரர் பேரைப் பதியச் சட்டம் வந்ததும் கொடி பிடித்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனான். பன்னிரண்டு மா நிலத்தில் ஆறு மா அவனோடு போயிற்று. வரப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். நாற்பது வருஷமாகப் பேச்சு கிடையாது.

மேட்டூரும் திறக்காமல் மழையும் ஏமாற்றிய வருஷம், அவன் மகள் அம்சவல்லி என் வாசலுக்கு வந்தாள். காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவள்.

"தொட்டியில பாசி வளர்த்து, அதோட எண்ணெயில டீசல் தயார் பண்ணியிருக்கேங்க. உங்க போர்வெல் இன்ஜின்ல பத்து நாள் ஓட்டிப் பாக்கணும்."

"ஏன், உங்கப்பன் இன்ஜின் என்னாச்சு?"

"சொந்த வயல்ல ஓட்டினா சோதிக்க வர்ற ஆபீசர் நம்ப மாட்டாருங்க. தண்ணி பூரா உங்களுக்குத்தான்."

நாளில் பாதிக்கு மேல் கரண்ட் கிடையாது. என் நெல் கதிர் விடுகிற சமயம். சரி என்றேன்.

தினமும் காலையில் மருதையன்தான் கேனைச் சைக்கிளில் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போவான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இன்ஜின் வடைச்சட்டி வாசனை அடித்துக்கொண்டு ஓடியது.

நாலு நாள் அப்படி. ஐந்தாம் நாள் புகை மாறியது. பங்க் டீசல் வாசனை. எனக்கா தெரியாது? வாயைத் திறக்கவில்லை. சமயம் வரட்டும் என்று இருந்தேன்.

பத்தாம் நாள் அம்சவல்லி ஆபீசரோடு வந்தாள். இது தேறினால் அவள் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் தொட்டியை மூடிவிடுவார்கள் என்று ஊருக்கே தெரியும்.

"எப்படிங்க ஓடிச்சு?" என்றார் ஆபீசர்.

"பாசியாவது பூசணியாவது! அஞ்சாம் நாள்லேர்ந்து ஓடுறது பங்க் டீசல். கேனை மோந்து பாருங்க."

மோந்து பார்த்தார். "கலப்படம்மா இது" என்று ஃபைலை மூடினார். ஜீப் கிளம்பிவிட்டது.

அம்சவல்லி கேன் பக்கத்தில் நின்ற அப்பனைப் பார்த்தாள். "என்னப்பா செஞ்சே?"

"நீ அளந்து குடுத்த எண்ணெய் நல்லாத்தான் ஓடுச்சு புள்ள. ஆனா இவரு வயல்ல பாதிக்குத்தான் பாஞ்சுது. மீதி கருக ஆரம்பிச்சுடுச்சு. ஒன்ன நம்பி விட்ட வயலு. பாத்துக்கிட்டு நிக்க முடியல. கொஞ்சம் நம்ம டீசலக் கலந்தேன்."

"பாதி வயலுக்குன்னுதானேப்பா ஆபீசருக்கு எழுதிக் குடுத்திருந்தேன்!"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சாம் நாளே தெரிஞ்சிருக்கு. அன்னைக்கே ஏங்க சொல்லல?"

நான் வயலைப் பார்த்தேன். தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

அந்த மாசமே தொட்டியைக் காயப்போட்டார்கள். அம்சவல்லிக்கு வேலை போயிற்று.

மாசியில் அறுத்தேன். ஒரு மூட்டை குறையவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் ஆறு மாவும் சருகாக நின்றது. மருதையன் அதில் மாட்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஒன் இன்ஜின ஓட்டியிருக்கலாமேடா?"

"அதுக்கு வாங்கி வச்சிருந்த டீசல்தாங்க ஒங்க வயல்ல ஓடுச்சு."



என்ன இருந்தாலும், அந்த ஆறு மாவை அவன் இன்னும் எனக்குத் திருப்பித் தரவில்லை.