மேனேஜருக்கு மறுபரிசோதனை

மிருக டாக்டரின் கிளினிக்கில் அப்பா கூடையை மார்போடு இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த வரவேற்பு மேஜைப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை.

"பயப்படாதீங்க சார். டாக்டர் கைராசிக்காரர். உங்க முயல் பிழைச்சுக்கும்."

அப்பா தலையாட்டி வைத்தார். முயல் பிழைக்குமா என்பதல்ல அவருடைய பயம். கூடைக்குள் இருந்தது கொழுகொழுவென்று நன்றாகவே இருந்தது. அதுதான் சிக்கல்.

மூன்று வாரத்துக்கு முன் மேனேஜர் இரண்டு நாள் சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கிவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே நாள் முழுக்க மென்றுகொண்டிருக்கும் முயலுக்கு, அப்பாவின் ஆபீஸ் கதைகளைக் கேட்டுக் கேட்டு மகள் வைத்த பெயர் அது. அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் அப்பா அதை இங்கே தூக்கிக்கொண்டு வந்தார். புழுக்கை மிளகு அளவுக்குச் சிறுத்துவிட்டது என்று சொன்னதும், டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"குடல்ல கட்டி. எலுமிச்சை அளவு இருக்கு."

"ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா டாக்டர்?"

"இது இருபது வருஷ விரல் சார். இதைவிடவா ஸ்கேன் சொல்லிடப் போகுது? மூணு வாரம் தாங்கினாலே பெருசு. தாங்கினா மறுபடி கொண்டு வாங்க."

மகளிடம் சொல்ல அப்பாவுக்கு நா எழவில்லை. "மருந்து கொடுத்திருக்கார், சரியாயிடும்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவள் பள்ளிக்குக் கிளம்பியதும், ஊர்க்கோடியில் தோட்டம் வைத்திருக்கும் மைத்துனனிடம் மேனேஜரைக் கொண்டுபோய் விட்டார். கடைசி நாட்களையாவது புல்தரையில் கழிக்கட்டுமே என்றுதான். திரும்பும்போது வழியெல்லாம் அழுதார். அழுத கண்ணோடு கடை கடையாக ஏறி இறங்கி, அதே சாம்பல் நிறத்தில், அதே பருமனில் இன்னொரு முயலை வாங்கி வந்து கூண்டில் வைத்தார்.

காதுக்குப் பின்னால் இருந்த வெள்ளைப் புள்ளி மட்டும் இதற்கு இல்லை. "மருந்துச் சூட்டுல முடி கொட்டி வேற முளைச்சிருக்கும்மா" என்றார். மகள் நம்பினாள். அத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தார். மறுபடி வரச் சொல்லி மருந்துச் சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்து அவள் காலண்டரில் இன்றைய தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருப்பாள் என்று யார் கண்டது?

"டாக்டர் பார்த்ததும் அசந்துடுவார் இல்லப்பா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள். வரும் வழியெல்லாம் ஒரு கட்டுக் கீரையை ஊட்டித் தீர்த்திருந்தாள். முயலின் வயிறு கும்மென்று இருந்தது.

"அசந்துதான் போவார்" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் போன் செய்தான். அப்பா எழுந்து ஜன்னலோரம் போனார்.

"மாமா, நீங்க விட்டுட்டுப் போன முயல் என் கேரட் பாத்தி ரெண்டையும் காலி பண்ணிடுச்சு. வேலிக்கு அடியில வளை வேற தோண்டுது. துரத்திப் பிடிக்கப் போய் என் முட்டி பேந்ததுதான் மிச்சம்."

அப்பா குரலைத் தாழ்த்தினார். "திட்டாதடா. பாவம், கடைசி ஆசையா இருக்கும்."

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் முயலைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"என் கை ஒரு தடவை பட்டுட்டா போதும் சார். எந்த முயலையும் நான் மறக்க மாட்டேன்."

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். 'இது வேற முயலாச்சே' என்று மகளுக்கு முன்னால் சொல்லிவிட்டால்? பழைய முயல் எங்கே என்று கேட்பாள். அதைவிட, அப்பா சொல்வதை இனி எப்போதும் நம்ப மாட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைத் தடவினார். விரல்கள் ஓரிடத்தில் நின்றன. புருவம் சுருங்கியது. இன்னொரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, கண்ணைத் திறந்து அப்பாவை உற்றுப் பார்த்தார்.

"பாப்பா, வெளியில அக்காகிட்ட மிட்டாய் இருக்கு. போய் வாங்கிக்கோ."

மகள் துள்ளிக்கொண்டு ஓடினாள். கதவு சாத்திக்கொண்டதும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"டாக்டர், நானே சொல்லிடறேன். குழந்தைக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா. வேற வழி தெரியாமத்தான் நான்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே கண்டுபிடிச்சுட்டேன்."

டாக்டர் மேஜையைச் சுற்றி வந்து அப்பாவின் தோளில் கை வைத்தார்.

"அதே கட்டிதான் சார். எலுமிச்சை இப்ப ஆரஞ்சு ஆயிடுச்சு!"